வெள்ளைப் பட்டில் ஒரு சொட்டு

கறையோடு என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். டீ சிந்திவிட்டது என்பார்கள்; துணியைத் திருப்பினால் வண்டிச் சங்கிலியின் கிரீஸ். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, “நெசமா இன்னா பட்டுச்சு?” என்று மட்டும் கேட்பேன். பதில் சரியாக வந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

எங்கள் தெருக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் சிவப்பாகத் தெறித்த கறையோடு வந்தார். பீட்ரூட் என்றார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். மோந்து பார்த்தேன், பான் வாசனை. உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்து தேய்த்தேன்.

“பீட்ரூட்டுக்கு எலுமிச்சையா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“இந்த பீட்ரூட்டுக்கு ஆமாங்க” என்றேன். அன்றிலிருந்து அந்த மனிதர் என்னை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்.

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். கைத்தறி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்போதிருந்து தறிக்குழியில்தான் கால். நாலு பேர் நடுவில் பேச வராது. கல்யாண வீடுகளில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். குனிந்தபடியே இருக்கலாம், யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள். என் அக்கா என்னை வாயில்லாப் பூச்சி என்பாள். ஆனால் துணி விஷயம் என்றால் எனக்குத் தயக்கம் கிடையாது.

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். பலபேர் பயந்து அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் வெயில் அதைத் தின்றுவிடும். பலாப்பழப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய். பிறகு அந்த எண்ணெய்க்குச் சோப்பு. பட்டில் எண்ணெய் பட்டால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. முகப்பவுடரைக் கொட்டி, விட்டுவைத்து, மறுநாள் தட்டிவிட வேண்டும். வாழைக் கறைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அப்படி வருகிறவர்களிடம், இனிமேல் வாழை வெட்டும்போது இதே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ரத்தக் கறை தனி. தறியில் உட்கார்ந்தவனுக்கு அது புதிதல்ல. பட்டு இழை மெல்லியதுதான். ஆனால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும்போது, பக்கத்து இழை விரல் நுனியைக் கீறிவிடும். வலி தெரியாது. துணியில் சிவப்பாக ஒரு புள்ளியைக் கண்ட பிறகுதான் விரலைப் பார்ப்போம். தண்ணீர் தேடி எழுந்திருக்க மாட்டோம். கழிவுப் பட்டில் ஒரு துணுக்கை வாயில் போட்டு, எச்சிலில் நன்றாக ஊறவைத்து, அந்த இடத்தில் ஒற்றி எடுப்போம். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். ஒற்ற ஒற்ற ரத்தம் பட்டை விட்டு வந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு விதி உண்டு. யார் ரத்தமோ அவர் எச்சில். யார் எச்சிலானாலும் போகும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கலாம். என் தறியில் அடுத்தவர் எச்சிலை வைத்துப் பரீட்சை செய்து பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

இதை வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டோம். பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் அதைச் சாமி முன்னால் வைப்பார்கள், மணமேடையில் கட்டுவார்கள். எச்சில் என்ற பேச்சைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். தறிக்குழியில் நடப்பது தறிக்குழியோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அதைத்தான் நான் ஒரு கல்யாணத்தன்று காலையில், பெண்கள் இருந்த அறையின் வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது.

கல்யாணம் என் அக்கா மகளுக்கு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மணப்பெண் வெள்ளைப் பட்டு கட்டிக்கொண்டு போவது வழக்கம். அந்தப் புடவையைத் தாய்மாமன் எடுத்துத் தர வேண்டும் என்று அக்கா சொன்னபோது, எடுத்துத் தர மாட்டேன், நெய்து தருகிறேன் என்றேன். அக்கா மகள் அந்த இடத்திலேயே கை தட்டினாள்.

வெள்ளைப் பாவு எல்லா நெசவாளருக்கும் பிடித்ததல்ல. சிவப்பிலும் பச்சையிலும் மறைந்துபோகிற தூசி, வியர்வை, எண்ணெய் எல்லாம் வெள்ளையில் எழுந்து நிற்கும். அந்தப் புடவை தறியில் இருந்தவரை நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. எழுந்து போய் வந்தால் கை கழுவாமல், குறுக்கு இழை ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. மனைவி காப்பியைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். பால் நிறத்தில், ஒரு மாசு இல்லாமல், மெல்லிய வெள்ளி ஜரிகைக் கரையோடு புடவை தறியிலிருந்து இறங்கியது. எனக்கு அதில் நிறைவு. என் கையால் இறங்கிய புடவைகளில் அதற்குத்தான் முதல் இடம் என்று இப்போதும் சொல்வேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் போதகர், ஐயர் என்றுதான் நாங்கள் சொல்வோம், வீட்டுக்கு வந்து, தாலியையும் அந்தப் புடவையையும் ஒரே தட்டில் வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்காரர், வந்தவர்களை வரவேற்க முன்னதாகவே சர்ச்சுக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்களும் போய்விட்டார்கள். வீட்டில் மணப்பெண், அக்கா, என் மனைவி மூன்று பேரும் உள் அறையில். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில். தெருவில் வேன் தயாராக நின்றது. உள்ளே நடக்கும் பேச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா, நீ குத்தாத. அத்தை குத்தட்டும். ஃபோட்டோவுக்குன்னு கண்ணாடிய கழட்டி வெச்சிட்ட, உனுக்கு கண்ணு தெரியல.”

“எம் பொண்ணுக்கு நான்தான் பின்னு குத்துவேன். கண்ணு தெரியாமத்தான் உன்னை இத்தினி வருசம் வளத்தேனா? ஆடாம நில்லு.”

வளையல் சத்தம் கேட்டது. பிறகு என் மனைவியின் குரல்: “ஐயோ, அண்ணி!”

“இன்னா ஆச்சு?” என்று வெளியில் இருந்தபடியே கேட்டேன்.

“உள்ள வாங்க.”

“எப்பிடி வர்றது?”

“பொடவை கட்டியாச்சு, வாங்க! ஒரே பேஜாரா பூடுச்சு.”

திரையை விலக்கிக்கொண்டு அறையின் வாசற்படியில் நின்றேன். பெண் ஜன்னலோரம் கையை விரித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். முழங்காலுக்கு நேராக, கொசுவத்தின் முதல் மடிப்பில், கடுகு அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே யாரோ கையால் நீவிவிட்டதுபோல ஒரு தீற்றல். ரத்தம்.

“யாரும் கத்தாதீங்க” என்றாள் அக்கா. “சின்னதுதான். மடிச்சி உள்ள சொருவிட்டா தெரியாது.”

“நடக்கும்போது விரியாதாம்மா?”

“அப்ப ரிசப்ஷனுக்கு வெச்சிருக்கற செவப்ப எட்து கட்டிக்கோ. மாப்ள வீட்டுப் பொடவைதானே, யாரு இன்னா சொல்லப் போறாங்க?”

“மாமா நெய்ஞ்சத கட்டிகினுதான் போவேன். இல்லன்னா நான் வரல.” சொல்லிவிட்டுப் பெண் கட்டிலில் உட்காரப் போனாள்.

“உக்காராத!” என்று அக்காவும் என் மனைவியும் ஒன்றாகக் கத்தினார்கள். அவள் மறுபடியும் நேராக நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மை கரைந்து இன்னொரு கறை ஆகிவிடப்போகிறதே என்று எனக்குக் கவலை. அந்தப் பக்கம் என் மனைவி குளியலறைக்கு ஓடுவது தெரிந்தது.

“எங்க போற?”

“வெந்நீர் கீது, ஒரு துணிய நனைச்சி...”

“வெந்நீர் கூடாது!”

என் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. “சூடு பட்டா ரத்தம் வெந்து துணிலயே ஒட்டிக்கும்” என்று குரலை இறக்கிச் சொன்னேன். “முட்டை வேகற மாதிரி. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.”

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். “யம்மா, ஜல்தி வாங்க! மாப்ள வந்து எறங்கிட்டாராம், ஃபோன் மேல ஃபோன் போட்டுகினு கீறாங்க!”

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: “யாரு ரத்தம்?”

“இது ஒரு கேள்வியா? அவ பொடவைல கீது, அவ ரத்தம்” என்றாள் அக்கா.

பெண் இரண்டு கைகளையும் நீட்டினாள். பத்து விரலையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு குத்தும் இல்லை. என் மனைவியும் தன் கையைக் காட்டினாள். அக்கா வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“அக்கா, கைய காட்டு.”

“நான் இன்னா திருடியா? மணி ஆவுது, இவன் கைரேகை பாக்கறான்.”

“அம்மா, காட்டும்மா!”

முந்தானை விலகியது. கட்டைவிரலில் ஊக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. முந்தானை ஓரமும் சிவந்திருந்தது. பின் குத்தும்போது குத்திக்கொண்டு, தெரியாமல் அதே விரலால் கொசுவத்தை நீவியிருக்கிறாள். கண்ணாடி இல்லாமல் குத்தாதே என்று மகள் சொன்ன பிறகு அதை எப்படி ஒத்துக்கொள்வாள்? என்னிடம் கறையோடு வருகிற எல்லோரையும்போல அவளும் வேறு காரணம் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. பதில் சரியாகக் கிடைத்துவிட்டது. இனி இது போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

தெரிந்ததைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“எச்சில்” என்றேன்.

“இன்னா?”

“உன் எச்சில வெச்சி ஒத்தணும். தறில நாங்க அப்பிடித்தான் எடுப்போம்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “டேய், நேத்து ஐயர் ஜெபம் பண்ணிட்டுப் போன பொடவைடா. அதுல எச்ச துப்பச் சொல்றியா? உனுக்கு மூளை கலங்கிப் போச்சா?”

“துப்ப வேணாம். ஒத்தணும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்!”

“எப்பிடிம்மா ஒண்ணு?” என்றாள் பெண். “சின்னப் புள்ளைல என்னை சர்ச் வாசல்ல நிக்கவெச்சி, முந்தானைல எச்ச தொட்டு மூஞ்சி தொடைச்சிவுட்டுத்தானே உள்ள இட்டுகினு போவ? அப்ப மட்டும் இன்னாவாம்?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அப்ப நீயே ஒத்துடா. நெய்ஞ்சவன் நீதானே?”

“ரத்தம் உன்னுது.”

என் மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டைப் பையில் அந்தப் புடவையின் குஞ்சத்தில் வெட்டிய மிச்சப் பட்டை ஒரு சுருளாக வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் எங்காவது இழை பிரிந்தால் உதவும் என்று எடுத்துவந்தது. அதில் ஒரு துணுக்கை அக்காவிடம் கொடுத்தேன். வாயில் போட்டாள். தாடையை அசைத்தாள். எடுத்துப் பார்த்தால் போட்டது போட்டபடி உலர்ந்து இருந்தது.

“வாயில ஈரமே இல்ல” என்றாள். இப்போது அவள் குரலில் அதிகாரம் இல்லை. முந்தின நாளிலிருந்து உபவாசம். மகள் கழுத்தில் தாலி ஏறும்வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்ட பொருத்தனை.

“ஒரு வாய் தண்ணி கொப்புளிச்சிடுங்க அண்ணி” என்றாள் என் மனைவி.

“மாட்டேன். ஆண்டவர்கிட்ட சொன்னது சொன்னதுதான்.”

“சரிம்மா, புளிய நெனச்சிக்கோ” என்றாள் பெண். “நல்ல புதுப் புளி.”

“நெனச்சிட்டேன். ஒண்ணும் வரல.”

“எலுமிச்சங்கா ஊறுகா?”

“எனுக்கு நெஞ்செரிச்சல்தான் நெனப்பு வருது.”

ஹாரன் மறுபடியும் அடித்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது, காயக் காய வேலை கூடும். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேச ஆரம்பித்தேன்.

“அக்கா, போன வருசம் மாங்கா சீசன்ல போளூர்லருந்து பஸ்ல வந்துகினு இருந்தோமே, நெனப்பு கீதா? சந்தவாசல்ல பஸ் நின்னுச்சி. ஜன்னலோரம் நீதான் உக்காந்திருந்த. ஒரு அம்மா கூடைல மாங்கா வெச்சிகினு வந்துச்சி.”

“ஆமா, வந்துச்சி. இப்ப எதுக்கு அது?”

“பச்சை மாங்கா. கொட்டை கூட முத்தல. அந்த அம்மா கத்திய வெச்சா மாதிரிதான் இருந்துச்சி, படக்குன்னு பொளந்துச்சி. பால் தெறிச்சி உன் கைல பட்டுச்சி. கீத்து கீத்தா போட்டு, நடுவுல நடுவுல உப்பு மொளகாப் பொடிய அடைச்சிக் குடுத்துச்சி. நீ மொதக் கீத்த கடிச்ச. ஒரு கண்ணு தானா மூடிகிச்சி. பல்லு கூசுது, பல்லு கூசுதுன்னு சொல்லிகினே அடுத்த கீத்த எட்த. உப்பு கரைஞ்சி புளிப்புத் தண்ணி மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சிச்சி. அதையும் வுடல, நக்கிகின.”

“டேய், சும்மா இருடா” என்றாள் அக்கா. அவள் தாடை அசைய ஆரம்பித்திருந்தது.

“எட்டி எட்டிப் பாத்தேன். எனுக்கு ஒரு கீத்து குடுக்கல. ஆரணி வர்ற வரைக்கும் கொட்டைய சப்பிகினே வந்த. அந்தக் கொட்டைல ஒட்டிகினு இருந்த சதை இன்னும் புளிப்பா...”

“உபவாசத்துல இருக்கறவகிட்ட மாங்காயப் பத்திப் பேசறியே, நீ நல்லா இருப்பியா?” என்றாள் அக்கா. பேச்சு குழறியது. வாய் நிறைந்துவிட்டது.

“பட்ட வாயில போடு! பேசாத!” என்றேன்.

போட்டாள். நான் என் வாயில் ஊறியதையும் விழுங்கிக்கொண்டேன். என் மனைவியும் விழுங்கினாள். மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, “ஆடாத” என்று அவளையும் அதட்டினேன். அன்றைக்கு நான் எல்லோரையும் அதட்டினேன்.

பிறகு வேலை என் சொற்படி நடந்தது. மனைவி மடித்த வெள்ளைத் துணியைக் கொசுவத்துக்குப் பின்பக்கம் முட்டுக் கொடுத்துப் பிடித்தாள். அக்கா தன் மகள் முன்னால் மண்டி போட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள். குத்துப்பட்ட விரலில் துணியைச் சுற்றி, மறு கையால் பட்டைப் பிடிக்கச் சொன்னேன்.

“ஓரத்துலருந்து உள்ள வா. தேய்க்காத. வெச்சி எடு, வெச்சி எடு. செவந்த பக்கத்த திருப்பிக்கோ. இந்தா, வேற துணுக்கு.”

ஒவ்வொரு துணுக்கும் இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. தீற்றல் முதலில் போனது. புள்ளி கொஞ்சம் அடம்பிடித்தது. நான் மாங்காயை மறுபடியும் ஆரம்பிக்க வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி வேண்டாம் என்று தடுத்தாள். தேவைப்படவும் இல்லை. புள்ளி மங்கி, பழுப்பாகி, இல்லாமல் போனது. கடைசியாகப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு தொட்டு ஒற்றி, உலர்ந்த துணியால் ஈரத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மனைவி விசிறியால் வீசினாள். பட்டில் ஈரம் காய்ந்தால் ஓரத்தில் வளையம் நிற்கும். அதற்கு அதே பட்டின் உலர்ந்த துணுக்கால் லேசாக, இழை போகிற பக்கமாகவே நீவ வேண்டும். அதை மட்டும் நானே செய்தேன். இரண்டு விரலால் மடிப்பின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். நான் நெய்தபடியே இருந்தது.

“போச்சு” என்றேன்.

பெண் குனிந்து பார்த்தாள். “எங்க இருந்துச்சின்னே தெரியல மாமா.” பிறகு அம்மாவைப் பார்த்தாள். அக்கா முழங்காலில் கையூன்றி எழுந்து, மகள் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, “மீதிப் பின்ன அத்தை குத்தட்டும்” என்றாள்.

சர்ச்சில் நான் எப்போதும் கடைசி வரிசைக்காரன். அன்றைக்குத் தாய்மாமன் என்பதால் முன் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் நடுவழியில் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கொசுவம் விரிந்து மூடியது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்; நானும் அக்காவும் முழங்காலைப் பார்த்தோம்.

“தெரியுதாடா?” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“நெய்ஞ்சவன் நான். இருந்தா எனுக்குத் தெரியாதா?”

தாலி ஏறியது. பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்றபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே என் பக்கம் சாய்ந்தாள். ஏதோ ஆசீர்வாதமாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அந்த மாங்காக்காரம்மா இந்த வருசமும் சந்தவாசல்ல வருதா?”

“வரும்னு நெனக்கிறேன்.”

“மறுவீடு முடியட்டும், போலாம்” என்றாள். “உனுக்கு ஒரு முழு மாங்கா வாங்கித் தரேன். கீத்து குடுக்கலன்னு இனிமே ஊரு முன்னால சொல்லாத.”

பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டேன். வாய் மறுபடியும் ஊறிக்கொண்டிருந்தது.